போலீஸ் குற்றப் பகுப்பாய்வாளர் வேலை: அமெரிக்க நேர்காணலுக்குத் தயாராவது எப்படி?

அமெரிக்கப் போலீஸ் துறைகளில் 'கிரைம் அனலிஸ்ட்' என்பது பெரும்பாலும் சீருடை இல்லாத வேலை. துப்பாக்கி கிடையாது, கைது செய்யும் அதிகாரம் கிடையாது, அகாடமி பயிற்சியும் தேவையில்லை. வந்த புகார்களையும் அழைப்புகளையும் படித்து, எங்கே, எப்போது, எந்தப் பாணியில் குற்றம் நடக்கிறது என்று கண்டுபிடித்து, நாளைக்கு ரோந்து போகிறவருக்கும் வழக்கை விசாரிக்கிறவருக்கும் பயன்படுகிற மாதிரி எழுதிக் கொடுப்பதுதான் வேலை. இந்தியாவில் இதற்கு நெருக்கமான வேலையை மாநிலக் குற்ற ஆவணக் காப்பகமும் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகங்களும் செய்கின்றன. அங்கே பெரும்பாலும் போலீஸ்காரர்களே அதில் இருப்பார்கள். அமெரிக்காவில் இதற்கென்று தனியாக ஆள் எடுக்கிறார்கள். ஐடி துறையில் டேட்டா வேலை பார்த்தவர்கள், புவியியல், சமூகவியல், குற்றவியல் படித்தவர்கள் என்று பலரும் விண்ணப்பிக்கிறார்கள்.

விண்ணப்பிக்கிறவர்கள் நேர்காணலில் சறுக்குவது ஒரே இடத்தில்தான். எஸ்க்யூஎல் தெரியும், பைத்தான் தெரியும், டாஷ்போர்டு கட்டத் தெரியும் என்று கருவிகளை அடுக்குகிறார்கள். எதிரே இருக்கும் சார்ஜென்ட்டின் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: 'இதை வைத்து நான் என்ன செய்ய?' தயாரிப்பு முழுவதையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

முதலில் விளம்பரம்

விளம்பரத்தை அச்சடித்து, பேனாவோடு படியுங்கள். ஒரே பெயரில் மூன்று வகை வேலை வரும். 'டாக்டிகல்' என்று இருந்தால் இந்த வாரம் நடக்கும் தொடர் குற்றங்கள். 'ஸ்ட்ராடஜிக்' என்றால் நீண்டகாலப் பிரச்சினைகளும் ஆள் ஒதுக்கீடும். 'இன்டெலிஜென்ஸ்' என்றால் நபர்கள், கும்பல்கள், போன் பதிவுகள். எந்த வகை என்று தெரியாமல் போனால், கும்பல் தொடர்பு வரைபடம் எதிர்பார்க்கும் குழுவுக்கு முன்னால் வருடாந்தர அறிக்கை பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

குடியுரிமை நிபந்தனை துறைக்குத் துறை மாறும். சில இடங்கள் குடிமக்களை மட்டும் எடுக்கும், சில இடங்கள் கிரீன் கார்டு இருந்தால் போதும் என்னும். முதல் பக்கத்தில் இல்லாவிட்டால் மனிதவளப் பிரிவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இந்தியப் பட்டம் என்றால் சமநிலைச் சான்று கேட்பார்கள். அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் விண்ணப்பிக்கும்போதே ஏற்பாடு செய்வது நல்லது.

விண்ணப்பத்தோடு வரும் கூடுதல் கேள்விகளை ஏனோதானோ என்று நிரப்பாதீர்கள். பல இடங்களில் அந்தப் பதில்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. 'ரெஸ்யூமேவைப் பார்க்கவும்' என்று எழுதினால் அதற்குப் பூஜ்யம்.

அந்த ஊரைப் படிப்பது

நேர்காணல் தேதி வந்ததும் குறைந்தது பத்து நாள் அந்த ஊருக்கென்றே ஒதுக்குங்கள். நகரத்தின் திறந்த தரவுத் தளத்தில் குற்றத் தரவு இருந்தால் கடைசி மூன்று வருடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் துறையின் ஆண்டறிக்கை இருக்கும். நகரசபைக் கூட்டத்தில் போலீஸ் தலைவர் காட்டிய ஸ்லைடுகளும் கிடைக்கும். ஊர் எத்தனை போலீஸ் மாவட்டமாக, அதற்குள் எத்தனை பீட்டாக (ரோந்துப் பகுதியாக) பிரிந்திருக்கிறது, எந்த நெடுஞ்சாலை குறுக்கே ஓடுகிறது, பெரிய மால் எங்கே, கல்லூரி எங்கே, மக்கள்தொகை எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். தலைவர் பொதுவில் சொன்ன முன்னுரிமைகள் இரண்டு மூன்று இருக்கும். கார் திருட்டு, துப்பாக்கிச் சூடு, கடைத் திருட்டு என்று ஏதாவது. அவை உங்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

முடிந்தால் ஒரு 'ரைட்-அலாங்' போய் வாருங்கள். பொதுமக்கள் ஒரு ஷிஃப்டு ரோந்து வண்டியில் கூடப் போகலாம் என்று பல துறைகள் அனுமதிக்கின்றன. அதற்கும் ஒரு படிவமும் சிறிய பின்புலச் சரிபார்ப்பும் உண்டு என்பதால் முன்கூட்டியே கேட்க வேண்டும். வண்டியில் இருக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த அதிகாரி எந்தத் திரையைப் பார்க்கிறார், ஒரு தகவலைப் படிக்க அவருக்கு எத்தனை விநாடி கிடைக்கிறது. பன்னிரண்டு பக்க அறிக்கையை ஏன் யாரும் திறப்பதில்லை என்பது அங்கே புரிந்துவிடும்.

குழப்பக் கூடாத சொற்கள்

குழு உங்களைச் சோதிக்கும் முதல் இடம் இது. ஒரு சொல் தவறினால் மீதிப் பதில் எடுபடாது.

'ராபரி' என்றால் ஆள் முன்னிலையில் பலத்தாலோ மிரட்டலாலோ பறிப்பது. 'பர்க்ளரி' என்றால் குற்றம் செய்யும் நோக்கத்தோடு கட்டடத்துக்குள் சட்டவிரோதமாக நுழைவது. அங்கே ஆள் இருக்க வேண்டியதில்லை. வீடு புகுந்து திருடியதை ராபரி என்று சொன்னால், உண்மையில் போலீஸ் வேலை தெரியாதவர் என்று அந்த நிமிடமே குறித்துக்கொள்வார்கள். அதேபோல் காரையே எடுத்துப் போவது வேறு, காருக்குள்ளிருந்து பொருளை எடுப்பது வேறு. இதில் இன்னொரு சிக்கல்: கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் பிரிவு 459-ன்படி திருடும் நோக்கத்தோடு பூட்டிய காருக்குள் நுழைவது பர்க்ளரி. ஆனால் தேசியப் புள்ளிவிவரத்துக்காகத் துறைகள் எஃப்பிஐக்கு அனுப்பும் கணக்கில் அது வாகனத்திலிருந்து திருட்டு, அதாவது லார்செனி. ஒரே சம்பவம், இரண்டு பெயர். எந்தக் கணக்கைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

'கேட்' என்பது வரும் அழைப்புகளைப் பதிந்து ரோந்து வண்டியை அனுப்பும் கணினி முறைமை. அவசர எண் 911-க்கு வந்த அழைப்புகளும், அதிகாரி தானாக ஒருவரை நிறுத்தி விசாரித்தவையும் அங்கே பதிவாகும். 'ஆர்எம்எஸ்' என்பது எழுதப்பட்ட புகார் அறிக்கைகள் இருக்கும் இடம். அழைப்பு என்பது குற்றம் அல்ல. துப்பாக்கி வெடித்த சத்தம் என்று வந்த அழைப்பு பட்டாசாக இருக்கலாம். ஒரே சண்டைக்கு ஐந்து பேர் போன் செய்திருக்கலாம். அழைப்பு எண்ணிக்கையைக் குற்ற எண்ணிக்கையாகக் காட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

எஃப்பிஐயின் கணக்கு முறை மாறியதும் தெரிந்திருக்க வேண்டும். பழைய சுருக்கக் கணக்கில் படிநிலை விதி இருந்தது. ஒரே சம்பவத்தில் கொள்ளையும் கொலையும் நடந்தால் கொலை மட்டுமே கணக்கில் ஏறும். (இந்தியத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'முதன்மைக் குற்ற' விதியும் இதே ரகம்.) 2021 ஜனவரி 1 முதல் எஃப்பிஐ, ஒவ்வொரு சம்பவத்தையும் விவரமாகப் பதியும் 'நைபர்ஸ்' முறைக்கு மாறியது. அதில் ஒரு சம்பவத்தில் பத்துக் குற்றம் வரை பதியலாம். விளைவு: மாறிய வருடத்தில் ஊரில் எதுவுமே மாறாமல் எண் மட்டும் கூடியிருக்கலாம். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய துறைகள் 2021-க்கான தரவை அந்த முறையில் அனுப்பவில்லை. அதனால் அந்த ஆண்டின் தேசிய எண்ணை வைத்து ஒப்பிடும்போது கை நடுங்க வேண்டும். 'ஐந்து வருடப் போக்கைக் காட்டுங்கள்' என்று கேட்டால், கோட்டை வரைவதற்கு முன் இந்த மாற்றத்தைச் சொல்பவருக்குத்தான் மதிப்பெண்.

கோட்பாட்டில் ஆழமாகப் போக வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் கோஹனும் ஃபெல்சனும் 1979-ல் சொன்னது: குற்றம் செய்யத் துணிந்தவர், ஏற்ற இலக்கு, காவல் இல்லாத நிலை மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூட வேண்டும். ஷெர்மனும் சக ஆய்வாளர்களும் 1989-ல் வெளியிட்ட மினியாபொலிஸ் ஆய்வில் அழைப்புகளில் பாதி வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்திருந்தன. பிரச்சினைகளைத் தீர்க்கப் போலீஸ் பயன்படுத்தும் 'சாரா' முறை நான்கு கட்டம்: பிரச்சினையைக் கண்டறிவது, அலசுவது, நடவடிக்கை, பலன் பார்ப்பது. குற்ற எண்களை வைத்துப் பகுதி அதிகாரிகளிடம் கணக்குக் கேட்கும், 1994-ல் நியூயார்க் போலீஸ் தொடங்கிய 'காம்ஸ்டாட்' கூட்டம் எதற்கு என்று இரண்டு வரியில் சொல்லத் தெரிய வேண்டும். 'தொடர்' என்றால் ஒரே ஆளோ ஒரே கும்பலோ செய்ததாகக் கருத இடமுள்ள சம்பவங்கள். 'ஹாட் ஸ்பாட்' என்றால் குற்றங்கள் அருகருகே குவிந்த இடம், அதைச் செய்தவர்கள் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். இந்த இரண்டின் வித்தியாசத்தைக் கேட்காத குழு அரிது.

கைவேலைத் தேர்வு

ஒரு கணினி, ஒரு எக்செல் கோப்பு, ஒன்று முதல் இரண்டு மணி நேரம். இதைத்தான் பெரும்பாலும் வைப்பார்கள். மேப் மென்பொருள் தருவதும் உண்டு, தராததும் உண்டு. எனவே எக்செல் மட்டும் இருந்தாலும் முடிக்கத் தெரிய வேண்டும். பிவட் டேபிள், தேடல் ஃபார்முலா, தேதி நேரத்தைப் பிரிப்பது, நிபந்தனை வண்ணம்: இந்த நான்கும் கை தானாகச் செய்ய வேண்டும். வீட்டில் கடிகாரம் வைத்து, முன்பு பார்க்காத ஒரு ஊரின் தரவை எடுத்து ஐந்து முறையாவது பழகுங்கள்.

தொண்ணூறு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வாகன உடைப்புகள், ஒரு நானூறு வரி. முதல் பத்து நிமிடம் எதையும் தொடாதீர்கள், படியுங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், காலியாக எத்தனை, ஒரு வரி என்பது ஒரு சம்பவமா அல்லது ஒரு சம்பவத்தின் ஒரு குற்றமா என்று பாருங்கள். ஒரே வழக்கு எண் மூன்று முறை வந்திருந்தால், மூன்று குற்றப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வரிகளை எண்ணினால் ஒன்று மூன்றாகிவிடும். தேர்வு வைப்பவர்கள் இதை வேண்டுமென்றே வைக்கிறார்கள்.

அடுத்த இருபது நிமிடம் சுத்தம் செய்வது. தேதி வடிவம் முதலில். நம் ஊர்ப் பழக்கத்தில் 03/07 என்றால் ஜூலை 3. அங்கே அது மார்ச் 7. இந்திய அமைப்பிலுள்ள சொந்த லேப்டாப்பில் பழகியவர்களுக்கு எக்செல் பாதித் தேதிகளை மாற்றிப் போட்டு, நாள் எண் 12-க்கு மேல் வருபவற்றை எழுத்தாக விட்டுவிடும். அதைக் கவனிக்காமல் மாத வரைபடம் போட்டுக் குழுவிடம் நீட்டுகிறவர்கள் உண்டு. பழகும் கணினியில் வட்டார அமைப்பை அமெரிக்காவுக்கு மாற்றிவிட்டுப் பழகுங்கள். பிறகு நேரம். 00:00 என்று குவிந்திருந்தால் நள்ளிரவில் குற்றம் கூடியது என்று பொருளல்ல. நேரம் தெரியாதபோது கணினி தானாகப் போட்டது அது. அவற்றைத் தனியே ஒதுக்கி எத்தனை என்று குறியுங்கள். பிறகு முகவரி. போலீஸ் தலைமையகத்தின் முகவரியில் முப்பது திருட்டு இருந்தால், நேரில் வந்து புகார் கொடுத்தவர்களின் வழக்குகள் அங்கே விழுந்திருக்கின்றன. அதை ஹாட் ஸ்பாட் என்று காட்டியவர்களின் கதி சிரிப்பொலிதான்.

மேப் போடச் சொன்னால், மென்பொருளால் மேப்பில் இடம் கண்டுபிடிக்க முடிந்த முகவரிகள் எத்தனை என்று சதவீதம் எழுதுங்கள். குற்றவியல் ஆய்வாளர் ராட்கிளிஃப் 2004-ல் வெளியிட்ட ஆய்வின்படி 85 சதவீதத்துக்குக் கீழே போனால் மேப் நம்பகமில்லை. பொருந்தாமல் போகிறவை எங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. புதுக் குடியிருப்பு, அடுக்குமாடி, நெடுஞ்சாலை என்று ஒரு பக்கமாகவே சாயும். குற்றம் குவிந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டும் வண்ணக் குவிவு மேப்பில், சுற்றி எவ்வளவு தூரத்தைக் கணக்கில் எடுப்பது என்ற தேடல் ஆரத்தை 300 மீட்டரிலிருந்து 1,000 மீட்டராக மாற்றினால் சிவப்பு இடமே இடம் மாறும். எந்த ஆரம் வைத்தீர்கள் என்று மேப்பின் மூலையில் எழுதாவிட்டால் கேள்வி வரும்.

நேரத்தை அலசுவதில்தான் தேர்ந்தவரும் புதியவரும் பிரிகிறார்கள். கார்க்காரர் இரவு 10 மணிக்கு நிறுத்தினார், காலை 6 மணிக்கு உடைந்திருப்பதைப் பார்த்தார். எப்போது நடந்தது? நடுப்புள்ளி எடுத்தால் அதிகாலை 2 மணி. இப்படி எல்லாக் கார்களுக்கும் நடுப்புள்ளி எடுத்தால் எல்லாமே 2 மணிக்கு உடைந்ததாக வரும், ரோந்து வண்டி 2 மணிக்குப் போய் வெறுமனே நிற்கும். அதற்குப் பதிலாக அந்த எட்டு மணி நேரத்துக்கும் ஒரு சம்பவத்தைப் பங்கிட வேண்டும், மணிக்கு 0.125 வீதம். இன்னொருவர் 11:00-க்கு நிறுத்தி 12:00-க்கே பார்த்துவிட்டார் என்றால் அந்த ஒரு மணிக்கு முழு 1. எல்லா வரிகளையும் இப்படிப் பிரித்துக் கூட்டினால் உண்மையான உச்ச நேரம் தலை காட்டும். இதற்கு 'ஏயோரிஸ்டிக்' என்று பெயர். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, செய்து காட்டுங்கள். நிமிடம் போதாவிட்டால் இடைவெளி இரண்டு மணிக்குள் இருக்கும் சம்பவங்களை மட்டும் எடுத்து, 'நேரம் தெரிந்தவை இத்தனை' என்று எழுதி வரைபடம் போடுங்கள். அதுவும் நேர்மையான வேலைதான்.

கிழமையும் ஏமாற்றும். சனிக்கிழமை அதிகாலை 1 மணிக்கு நடந்தது, ரோந்துக்காரரின் கணக்கில் வெள்ளி இரவு ஷிஃப்டு. தேதி-நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்தைக் கழித்துவிட்டுக் கிழமையை எடுத்தால் ஷிஃப்டோடு பொருந்தும். ஒரு சின்ன ஃபார்முலா. ஆனால் 'இவருக்கு நம் வேலை புரிகிறது' என்று நினைக்க வைக்கும்.

சதவீதம் பற்றி ஓர் எச்சரிக்கை. 4 கொள்ளை 8 ஆனால் 100 சதவீத உயர்வு. பத்திரிகைக்கு நல்ல தலைப்பு, அலசலுக்கு ஒன்றுமில்லை. சிறிய எண்கள் தானாகவே ஆடும். கைக்கணக்காக ஒன்று செய்யலாம்: இந்த மாத எண்ணின் வர்க்கமூலத்திலிருந்து வழக்கமான எண்ணின் வர்க்கமூலத்தைக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். விடை 3-க்குள் இருந்தால் வழக்கமான ஆட்டமாக எடுத்துக்கொள்ளலாம். 9 என்பது 16 ஆனால் 2 × (4 − 3) = 2. 25 என்பது 49 ஆனால் 2 × (7 − 5) = 4, இங்கேதான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

கடைசி முப்பது நிமிடம் எழுதுவதற்கு. பெரும்பாலானோர் இதற்கு ஐந்து நிமிடம்தான் விட்டுவைக்கிறார்கள். ஒரு பக்கத் தகவல் குறிப்பு எப்படி வரக் கூடாது என்று முதலில்:

'மார்ச் மாதத்தில் வாகன உடைப்புகள் 78% உயர்ந்துள்ளன. கிழக்கு மாவட்டத்தில் ரோந்தை அதிகரிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'

எப்படி வர வேண்டும்:

'மார்ச் 3 முதல் 24 வரை கிழக்கு மாவட்டத்தில் 16 கார்களில் திருட்டு. இந்த மூன்று வாரங்களுக்கு வழக்கமான எண் 9. மொத்த எண் வழக்கமான ஆட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் 16-ல் 11 சம்பவம் ஒரே தெருவிலுள்ள மூன்று அடுக்குமாடி வளாகங்களில் நடந்தவை. அந்த 11-ல் 8 கார்கள் பூட்டப்படவில்லை. நேரம் தெரிந்த சம்பவங்களில் பெரும்பாலானவை செவ்வாய் முதல் வியாழன் வரையிலான இரவு ஷிஃப்டில், 1 முதல் 4 மணிக்குள். ஒரே ஆள் செய்தாரா என்று சொல்லச் சான்று இல்லை: நேரில் பார்த்தவர் யாருமில்லை, கேமரா காட்சி இரண்டு சம்பவத்துக்கு மட்டும் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. பரிந்துரை: வளாக மேலாளர்கள் மூலம் குடியிருப்போருக்கு அறிவிப்பு, அந்த மூன்று இரவுகளில் வாகன நிறுத்தத்தில் நடைரோந்து, கேமரா காட்சி அழியும் முன் எடுப்பது.'

இரண்டாவதில் எண், இடம், கிழமை, நேரம், முறை, தெரியாதது, செய்ய வேண்டியது எல்லாம் இருக்கின்றன. எட்டுக் கார்கள் பூட்டாமல் இருந்தது தெரிந்தபிறகு, ரோந்தைக் கூட்டுவதைவிட மக்களைப் பூட்ட வைப்பது மலிவு என்பது தானாகவே விளங்கும். இரவு 9 மணிக்கு 'காரைப் பூட்டினீர்களா?' என்று சமூக ஊடகத்தில் பல துறைகள் கேட்பது இதற்காகத்தான். பாதிக்கப்பட்டவர்களின் பெயர், வீட்டு எண் எதுவும் குறிப்பில் வேண்டாம். பாலியல் வன்முறை, குடும்ப வன்முறைச் சம்பவங்களை மேப்பில் புள்ளியாக வைக்கவே கூடாது. ஒரு புள்ளி ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குழு முன்னால்

மூன்று முதல் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு லெப்டினன்ட், ஏற்கெனவே இருக்கும் அனலிஸ்ட், மனிதவளப் பிரிவில் ஒருவர், சில சமயம் பக்கத்து ஊர்த் துறையிலிருந்து ஒருவர். எல்லா விண்ணப்பதாரருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. நீங்கள் பேசும்போது தலையாட்ட மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள், எழுதிக்கொண்டே இருப்பார்கள். அது கோபமல்ல. எல்லாரையும் சமமாக நடத்த வேண்டும் என்று அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். துணைக்கேள்வி கேட்டுப் பதிலை வெளியே இழுக்கவும் பெரும்பாலும் அனுமதியில்லை. எனவே மனதில் இருப்பது வாயில் வந்தால்தான் மதிப்பெண். கூச்சப்பட்டு இரண்டு வரியில் முடிப்பது நம்மவர்களிடம் அதிகம். 'நாங்கள் செய்தோம்' என்று குழுவுக்கே பெருமையைக் கொடுத்துவிடுவதும் உண்டு. நீங்கள் செய்ததை 'நான்' என்று சொல்லுங்கள்.

அனுபவம் கேட்கும் கேள்விகளுக்கு நிலைமை, உங்கள் பொறுப்பு, செய்தது, முடிவு என்ற வரிசையில் இரண்டு மூன்று நிமிடம். அப்படி ஆறு சம்பவங்களைத் தயாராக வைத்திருந்தால் எந்தக் கேள்விக்கும் ஒன்று பொருந்தும். வங்கியில் மோசடிப் பரிவர்த்தனை பிடித்திருந்தால் அது நேரடியாகப் பொருந்தும் அனுபவம். ஆனால் வங்கிக் கலைச்சொற்களை விட்டுவிட்டு, எந்தப் பாணியைக் கண்டீர்கள், யார் என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் சில. இரண்டு அதிகாரிகள் ஒரே மதியத்தில் ஒரே அவசரத்தோடு வேலை கேட்டால்? எதற்குக் காலக்கெடு உயிரோடு தொடர்புடையது என்று கேட்பேன், முடிவெடுக்க முடியாவிட்டால் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோவேன், இருவருக்கும் எப்போது கிடைக்கும் என்று சொல்வேன். இது போதும். 'இரண்டையும் முடித்துவிடுவேன்' என்றால் நம்ப மாட்டார்கள். எண் பிடிக்கவில்லை, வேறு மாதிரி காட்டு என்று மேலதிகாரி சொன்னால்? எண்ணை மாற்ற மாட்டேன். கேட்பது வேறு காலகட்டமா, வேறு வரையறையா என்று தெளிவுபடுத்துவேன். வரையறையை மாற்றினால் அதைப் பக்கத்திலேயே எழுதுவேன். இருபது வருட அனுபவமுள்ள ரோந்துக்காரர், 'நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?' என்றால்? அவருக்குத் தெரிந்ததை முதலில் கேட்பேன் என்பதே சரியான தொடக்கம். அவர் சொல்லும் பட்டப்பெயர்களும் சந்துகளும் எந்த டேட்டாபேஸிலும் இருக்காது.

அடுத்து எங்கே குற்றம் நடக்கும் என்று பழைய தரவை வைத்து மென்பொருளால் கணித்து ரோந்து அனுப்பும் முன்கணிப்புக் காவல் பற்றிய கேள்வியும் வரும். கலிஃபோர்னியாவின் சாண்டா க்ரூஸ் நகரம் 2020-ல் அதைத் தடைசெய்தது. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் அதே ஆண்டு ப்ரெட்பால் என்ற முன்கணிப்பு மென்பொருளைக் கைவிட்டது. இதை மனப்பாடமாக ஒப்பிப்பதைவிடக் காரணத்தைச் சொல்வது நல்லது. வீடு புகுந்த திருட்டு, பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் புகாரால் பதிவாகிறது. போதைப்பொருள் கைது, போலீஸ் எங்கே போகிறதோ அங்கே பதிவாகிறது. இரண்டாவதை வைத்து நாளைக்கு எங்கே போகலாம் என்று கணக்குப் போட்டால் நேற்றுப் போன இடத்துக்கே திரும்பப் போவீர்கள். இந்த ஒரு வேறுபாட்டை அமைதியாகச் சொன்னால் போதும். போலீஸைத் தாக்கியும் பேச வேண்டாம், தரவு பொய் சொல்லாது என்றும் பேச வேண்டாம்.

'உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?' என்று கடைசியில் கேட்பார்கள். சம்பளம் அங்கே வேண்டாம், அது விளம்பரத்திலேயே இருக்கும். அனலிஸ்ட் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்? ஆர்எம்எஸ் தரவை நேரடியாக எடுக்க அனுமதி உண்டா, இல்லை யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டுமா? போன மாதம் வந்த குறிப்புகளில் எதை அதிகாரிகள் உண்மையில் பயன்படுத்தினார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். யாருக்கும் நினைவில்லை என்றால், அங்கே உங்களுக்கு முன்னால் இருக்கும் வேலை வேறு: முதலில் குறிப்பைப் படிக்க வைப்பது.

பின்புலச் சோதனை

நேர்காணலில் தேர்வானபின் வரும் இந்தக் கட்டம்தான் பலரைக் கவிழ்க்கிறது. எஃப்பிஐயின் குற்றத் தகவல் பாதுகாப்புக் கொள்கைப்படி கைரேகைச் சோதனை உறுதி. அதோடு தனிநபர் வரலாற்றுப் படிவம் ஒன்று தருவார்கள். இருபது பக்கத்துக்கு மேல் போவது சாதாரணம். கடந்த பத்து வருடத்தில் இருந்த வீடுகள், வேலைகள், மேற்பார்வையாளர்கள், அக்கம்பக்கத்தார், கடன், டிராஃபிக் அபராதம் எல்லாம் கேட்பார்கள். தனியார் நிறுவனங்கள் வேலைக்குப் பொய் கண்டறியும் சோதனை வைப்பதை 1988-ன் மத்தியச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. அரசுத் துறைகளுக்கு அந்தத் தடை இல்லை. எனவே சில போலீஸ் துறைகள் அதையும் வைக்கின்றன.

தமிழ்ப் பெயர்க்காரர்களுக்கு இங்கே தனித் தலைவலி ஒன்று உண்டு. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக, டிரைவிங் லைசென்ஸில் இரண்டும் இடம் மாறி. சரிபார்ப்பவருக்கு இது மூன்று ஆட்கள். எல்லா வடிவங்களையும் 'பிற பெயர்கள்' என்ற கட்டத்தில் எழுதி, இனிஷியல் முறை பற்றி இரண்டு வரி விளக்கத்தை இணைத்துவிடுங்கள். சென்னையில் இருந்த வாடகை வீட்டு முகவரி, கதவு எண் பழையது புதியது, பின்கோடு, எந்த மாதம் வந்தீர்கள் போனீர்கள் என்பதையெல்லாம் படிவம் வரும்வரை காத்திராமல் இப்போதே வீட்டில் போன் போட்டுக் கேட்டு எழுதி வையுங்கள். மூடிப்போன பழைய நிறுவனம் என்றால் அனுபவச் சான்றும், அப்போது உடன் வேலை பார்த்த ஒருவரின் இன்றைய தொடர்பும் வேண்டும்.

மறைக்காதீர்கள். கல்லூரியில் ஒருமுறை கஞ்சா புகைத்தது பல துறைகளில் பெரிய தடையாக இருக்காது. எத்தனை வருடம் கடந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் தன் விதியை வைத்திருக்கும். ஆனால் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் பின்னால் விசாரணை அதிகாரியிடம் 'ஆமாம்' என்றால், பொய் சொன்னதற்காகவே நீக்கிவிடுவார்கள். அனலிஸ்ட் ஒருநாள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நேரலாம். பொய் பதிவான ஆளை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விட மாட்டார்.

இந்தக் கட்டம் இரண்டு மூன்று மாதம் ஓடும். வெளிநாட்டு முகவரி இருந்தால் இன்னும் கூடும். அதுவரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். 'நிபந்தனையோடு கூடிய நியமனம்' என்று கடிதம் வந்தாலும் நிபந்தனை தீரவில்லை என்றுதான் அர்த்தம். நேர்காணல் முடிந்த மறுநாள் குழுவுக்கு மூன்று வரியில் நன்றி மின்னஞ்சல் போடுங்கள். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பின்புல விசாரணை அதிகாரியிடம் 'ஏதாவது ஆவணம் விட்டுப்போயிருக்கிறதா?' என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்று விட்டுப்போயிருக்கும், அது கல்லூரி அனுப்ப வேண்டிய மதிப்பெண் பட்டியலாகத்தான் இருக்கும்.